நோயாளி சுத்தம் பேணவில்லை

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் காலையில் பூதக்கண்ணாடிக்குத் தன் வயிற்றிலிருந்தே ஒரு கெட்ட வாடை வந்தது.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர்கள் பால் பதப்படுத்தும் ஆலையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள். பத்தொன்பது வருடமாக அங்கே சுத்தம் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. பால் ஓடும் குழாய், தொட்டி, மூடி எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகு அவள் வருவாள். டார்ச் அடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்புவாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த பால் உள்ளே வரும். ரப்பர் வளையத்தின் இடுக்கில் நகக்கண் அளவு பிசுக்கு இருந்தாலும் மொத்தத்தையும் மறுபடி கழுவச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். போகப்போக முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்து "என்ன?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்படிப்பட்ட மூக்குக்கு அந்த வாடை எதனுடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என்னங்க, உள்ள ஏதோ கெட்டுப் போச்சு," என்றாள் கணவனிடம்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் தலையைத் திருப்பாத மனிதர். அவரே பயந்துபோய்க் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். முந்தின நாளே அவளுக்குக் குளிர்க் காய்ச்சல். கட்டைச் சுற்றித் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னார். எடுத்த ஆள், "ஆபரேஷன் பண்ணா வலி இருக்கத்தாங்க செய்யும். மாத்திரைய முழுங்கச் சொல்லுங்க. பத்தாம் நாள் தையல் பிரிக்க வருவீங்கல்ல, அப்ப பாத்துக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

"பத்தாம் நாள் வரைக்கும் நான் ஊசிப்போய்க் கெடக்கணுமா? வண்டிய எடுங்க," என்றாள் அவள்.

இதில் அவள் பங்குக்கும் ஒரு தப்பு உண்டு. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. முதலில் வயிறு வலித்தபோது வாயு என்று நினைத்து மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் ஆலையின் படிக்கட்டிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. வலது அடிவயிற்றில் விரல் நீளத்துக்குக் கிழித்து, அழுகினதை எடுத்து, உள்ளே கழுவி, ஏழு தையல் போட்டு, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றிய பெரிய டாக்டரைப் பார்த்து அன்றைக்குக் கண்கலங்கக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர் ஓர் இளம்பெண். கட்டைப் பிரித்தவுடனேயே அவள் முகம் மாறியது. இரண்டு விரலால் தையலின் ஓரத்தை மெல்ல அழுத்தினாள். மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் பொங்கி வந்தது.

"நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தையலப் பிரிச்சு விட்டாத்தான் இது வடியும்."

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தாள். ஆனாலும் பூதக்கண்ணாடி கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் கணு வெளுத்துவிட்டது. நாலு தையலை வெட்டிக் காயத்தைத் திறந்து, சீழை வடியவிட்டு, கொஞ்சத்தைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் குழாயில் போட்டு மூடி, உப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் ஈரத் துணித் திரியைப் பள்ளத்துக்குள் மெதுவாக வைத்தாள். அந்தப் பஞ்சுக் குச்சியைப் பார்த்ததும், அவ்வளவு வலியிலும் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். சோதித்துப் பார்க்கப் போகிறார்கள், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"மறுபடி தைக்க மாட்டீங்களா?" என்று கணவர் கேட்டார்.

"மூடினா உள்ளயே மறுபடி கட்டிக்கும் சார். திறந்து வெச்சு, தினம் கழுவித் திரி மாத்தணும். அடியிலேர்ந்து சதை தானா வளந்து மேல வரணும். அதுக்கு வாரக்கணக்காகும்."

அந்த நேரத்தில்தான் பெரிய டாக்டர் வந்தார். போன தடவை அவள் கும்பிட்ட அதே மனிதர். காயத்தை ஒரு பார்வை பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்ல கட்டப் பிரிச்சீங்களா?"

"இல்ல டாக்டர். நீங்க ஒட்டி அனுப்பினது அப்படியேதான் இருந்துச்சு."

"குளிச்சிருப்பீங்க."

"துணிய நனைச்சுத் தொடைச்சுக்கிட்டேன். அந்தப் பக்கம் தண்ணியே படல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. நான் தைச்சு அனுப்பறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் சுத்தமா இருங்கம்மா," என்றார். கடைசி வார்த்தை வாயிலிருந்து வரும்போதே பாதி அறையைக் கடந்திருந்தார்.

வலியில் வராத கண்ணீர் அப்போது வந்தது. 'கொஞ்சம் சுத்தமா இருங்கம்மா.' பத்தொன்பது வருடமாக ஊர்ச் சனம் மொத்தமும் குடிக்கிற பாலுக்குக் கையெழுத்துப் போட்டவளைப் பார்த்து! பிள்ளை மூக்கைச் சீந்திவிட்டு அப்படியே சோற்றில் கையை வைக்கும்போது சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, கேட்க ஆள் இல்லை.

"விடு. டாக்டருங்க அப்படித்தான் பேசுவாங்க," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள்.

அவளை மறுபடி வார்டில் சேர்த்தார்கள். எட்டுக் கட்டில் இருந்த பெண்கள் வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம் தாய். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துப் பதினொரு நாள். அவளுக்கும் தையலில் சீழ். பிள்ளை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்க, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எம்மேலதான் தப்பு அக்கா," என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்காமலே. "அரிச்சுதுன்னு ஒருவாட்டி துணிக்கு மேலயே தேய்ச்சுட்டேன். அதான் இப்படி ஆயிடுச்சுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. மாமியாரும் அதையேதான் சொல்றாங்க. அழுக்குப் புடிச்சவன்னு."

"துணிக்கு மேலயா?"

"ஆமாக்கா."

பூதக்கண்ணாடி வார்டை அன்று முதல் ஆலையைப் பார்ப்பது போலவே பார்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை கட்டு மாற்றுகிறவர் தள்ளுவண்டியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை, ஓயாத அவசரம். முதல் கட்டிலில் ஒரு காயத்தைத் திறந்து கழுவி மூடினார். அதே கையுறையோடு இரண்டாம் கட்டில். அதே கையுறையோடு இளம் தாயின் கட்டில். உப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றேதான். அதன் மூக்கு ஒவ்வொரு காயத்தின் விளிம்பிலும் உரசி உரசி வந்தது. பூதக்கண்ணாடிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் பக்கம் வந்து போர்வையில் கை வைத்தவரைத் தடுத்தாள்.

"ஒரு நிமிஷம். கையக் கழுவிட்டு வேற கையுற போட்டுக்கிட்டு வாங்க. பாட்டிலும் புதுசு வேணும்."

"என்னம்மா, எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடம் இல்லண்ணே. அந்தக் கட்டில்ல சீழ் இருக்கு, இந்தக் கட்டில்ல சீழ் இருக்கு. நடுவுல உங்க கை மட்டும்தான் வந்து போகுது."

அவர் எரிந்து விழப்போகிறார் என்று வார்டே எதிர்பார்த்தது. அவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனார். குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. இன்னும் திருகினார். பிறகு பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த கை துடைக்கும் மருந்து டப்பாவைத் தட்டிக் காட்டினார். காலி டப்பா.

"மூணு வாரமாச்சு. மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன். நாலு வார்டுக்கு நான் ஒருத்தன். ஒரு வார்டுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு ஜோடி கையுறதான் தராங்க, எட்டுக் காயம் இருக்கு. நீயே சொல்லு, யாருக்குப் போட, யார விட?"

குரலில் திமிர் இல்லை. எத்தனையோ நாளாக உள்ளே குமைந்துகொண்டிருந்த ஒருவர் கேட்க ஆள் கிடைத்ததும் கொட்டின மாதிரி இருந்தது. அவள் கோபம் அந்த நிமிடம் அவரை விட்டு விலகி, மேலே எங்கோ இருக்கும் யாரிடமோ போனது. விலகியதால் குறையவில்லை, இன்னும் ஏறிவிட்டது. கை கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் இருந்துகொண்டுதான் சுத்தமாக இருக்கச் சொன்னாரா அந்த ஆள்?

அன்று அவர் வராந்தாவின் கோடியில் இருந்த குழாயில் கை கழுவி வந்து, புதுக் கையுறை போட்டு, புது பாட்டிலைப் பிரித்துக் கட்டு மாற்றினார். மதியம் அவள் கணவர் கை துடைக்கும் மருந்து இரண்டு பெரிய பாட்டில் வாங்கி வந்து, ஒன்றைத் தள்ளுவண்டியிலும் ஒன்றை வார்டு வாசலிலும் வைத்தார். வேன் பிள்ளைகளிடம் சொல்கிற குரலிலேயே, வருகிற ஒவ்வொருவரிடமும், "கைய நீட்டுங்க," என்றார். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் நர்ஸுகளும் மறுபேச்சில்லாமல் நீட்டினார்கள். இளம் தாய்கூட அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வயிற்றுக்குள் வேறெங்கும் சீழ் கட்டவில்லை என்று ஸ்கேனிலும் தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய ஃபைலை, சும்மா இருக்க முடியாமல், கணவர் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டு, சட்டென்று மூடினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"மருந்துப் பேரெல்லாம்."

"மருந்துப் பேரப் படிச்சிட்டு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? படிங்க."

அவர் மென்று முழுங்கிப் படித்தார். "'நோயாளி சுத்தம் பேணவில்லை. அதனால் காயத்தில் சீழ்.' கீழ பெரிய டாக்டர் கையெழுத்து."

வார்த்தையாகச் சொன்னபோது பட்டது வேறு. மையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, என்றைக்கும் அழியாமல் இருக்கப்போவது வேறு. கையெழுத்து என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்க்காததற்கு அவள் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இன்னொன்றும் உண்டு. உணவு தயாரிக்கிற இடம் என்பதால், காயத்தோடு விடுப்பில் போனவர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்பை ஆலை டாக்டர் பார்த்த பிறகுதான் மறுபடி உள்ளே விடுவார்கள். சுத்தம் சரிபார்க்கிறவளின் தாளில் 'சுத்தம் பேணவில்லை' என்று இருந்தால், அந்த ஆலையில் அவள் இனி யாரிடம் என்ன சொல்ல முடியும்?

"அடிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்லுவேன்," என்றாள்.

"உடம்பு தேறட்டுமே. இவங்க கையிலதானே இன்னும் வைத்தியம் இருக்கு," என்றார் கணவர். பயந்தது தனக்காக அல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அந்தப் பயத்துலதாங்க எல்லாரும் வாய மூடிக்கிட்டுப் போறாங்க."

மறுநாள் காலை பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வந்தார். பின்னால் சின்ன டாக்டரும், கண்ணாடி போட்ட தலைமை நர்ஸும், இரண்டு மாணவர்களும். காயத்தைப் பார்த்தார். அடியில் சதை சிவப்பாகத் துளிர்த்திருந்தது.

"நல்லா இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

"டாக்டர், ஃபைல்ல ஒரு வரி தப்பா இருக்கு. அத மாத்தணும்."

"என்ன வரி?"

"'நோயாளி சுத்தம் பேணவில்லை.'"

அவர் சிரித்தார். "அது வழக்கமா எழுதறதும்மா. பெருசா எடுத்துக்காதீங்க."

"வழக்கமாவா? அப்ப என்னப் பாத்து எழுதல. யாரு வந்தாலும் எழுதறது. என் வீட்ட நீங்க பாத்தீங்களா? என் கையப் பாத்தீங்களா? எதப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நீங்க டாக்டர் இல்ல," என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது.

"இல்ல. நான் பால் ஆலையில சுத்தம் பாக்கறவ. எங்க பால் திரிஞ்சு போச்சுன்னா, குடிச்சவங்க வாய் சுத்தமில்லன்னு நாங்க எழுத மாட்டோம். எங்க குழாய, எங்க தொட்டியத்தான் மொதல்ல பாப்போம். அதுலயும் புடிபடலன்னா, 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதுவோம். தெரியலன்னு எழுதறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல டாக்டர். தெரியாததத் தெரிஞ்ச மாதிரி அடுத்தவங்க தலையில கட்டறதுதான் குறைச்சல்."

"இங்க பாருங்கம்மா, எனக்கு இன்னும் முப்பது நோயாளி…"

"அந்த முப்பது பேரையும் தொட்டுட்டு எங்க கை கழுவுவீங்க? அந்தக் குழாயத் திருகிப் பாருங்க."

அவர் திருகவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் அந்தக் குழாய்க்குப் போனது. யாரும் எதிர்பார்க்காமல் தலைமை நர்ஸ் வாயைத் திறந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி.

"மூணு வாரமா தண்ணி இல்ல சார். புகார்ப் புத்தகத்துல மூணு தேதியில இருக்கு. என் கையெழுத்தும் இருக்கு. உங்க மேசைக்கும் ஒரு நகல் வந்துச்சு."

சின்ன டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், இவங்க சீழ்ச் சோதனை முடிவு நேத்து வந்துச்சு. குடல்ல இருக்கற கிருமிதான். குடல்வால் வெடிச்சப்ப உள்ள பரவினது. வீட்ல சுத்தமில்லாம வந்ததுன்னு சொல்ல இதுல ஒண்ணுமே இல்ல."

பிறகு பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். "வெடிச்ச குடல்வால் ஆபரேஷன்ல, எவ்வளவு சுத்தமா செஞ்சாலும் சிலருக்கு இப்படி ஆகும் அக்கா. உங்க தப்பும் இல்ல, தைச்சவங்க தப்புன்னும் சொல்ல முடியாது. இத மொத நாளே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அந்தப் பதில் அவளை ஒரு கணம் நிறுத்தியது. ஆக, அவள் காயத்துக்கு அந்தக் குழாயும் காரணம் இல்லை. பெரிய டாக்டரின் கையும் காரணம் இல்லாமல் இருக்கலாம். இவ்வளவு எளிதான உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டிவிட்டுப் படுத்திருப்பாளே! உண்மை அவருக்கே சாதகமாக இருந்தபோதுகூட, பழியைத் தூக்கி நோயாளி மேல் போடுவதுதான் அவருக்குக் கைவந்திருக்கிறது. அதை நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

"கேட்டீங்கல்ல டாக்டர். அத அப்படியே எழுதுங்க. எழுதற வரைக்கும் வீட்டுக்குப் போற தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பெரிய டாக்டர் ஃபைலை வாங்கினார். அந்த வரியின் மேல் கோடு போட்டார். 'வெடித்த குடல்வாலினால் ஏற்பட்ட தொற்று' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தவர், இளம் தாயின் காயத்தைப் பார்த்துவிட்டு அவள் ஃபைலைத் தொடாமலே போனார்.

அன்று பிற்பகலே இரண்டு பேர் வந்து குழாயைச் சரி செய்தார்கள். அரை மணி நேர வேலை. மூன்று வாரமாக நடக்காத அரை மணி நேர வேலை. அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எட்டுக் கட்டிலையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வீட்டில் ஐந்து வாரம் ஆனது. தினமும் வேன் ஓட்டிவிட்டு வந்ததும் கணவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சின்ன டாக்டர் சொல்லிக்கொடுத்தபடியே உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றி, பழைய திரியை எடுத்துப் புதுசு வைத்துக் கட்டினார். முதல் வாரம் திரியை உருவும்போது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "ஸ்கூல் வேன் ஓட்டறவருக்கு இவ்வளவு மெதுவா கை வருமா?" என்பாள். "ஹாரன் அடிக்காம வளைவு திரும்பறேன், பேசாம இரு," என்பார். பள்ளம் விரல் ஆழத்திலிருந்து நகத்து ஆழம் ஆனது. அதுவும் மூடி, ஊதா நிறத்தில் கோணலான ஒரு தழும்பு நின்றது.

ஆலை டாக்டர் குறிப்பைப் படித்தார். கோடு போட்ட வரியையும் படித்தார். ஏன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னாள். அவர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு உள்ளே அனுப்பினார். அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் இளம் தாய் போன் செய்தாள்.

"அக்கா, எனக்கும் அதையேதான் எழுதியிருக்காங்க. நேத்து கேக்கப் போனேன். பழைய ஃபைல்லாம் எடுக்க முடியாதுன்னு ஜன்னலச் சாத்திட்டாங்க. மாமியார் இன்னமும் என்னப் புள்ளையத் தூக்க விட மாட்டேங்கறாங்க. கைய மோந்து பாக்கறாங்கக்கா."

"நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் வரேன். புள்ளையோட வா. மாமியாரையும் கூட்டிட்டு வா."

மறுநாள் மூன்று பெண்களும் ஒரு கைக்குழந்தையும் ஆஸ்பத்திரியின் பதிவு அறை வாசலில் நின்றார்கள். குமாஸ்தா ஜன்னலைத் திறந்து, "என்னம்மா வேணும்?" என்று சலித்துக்கொண்டார். பூதக்கண்ணாடிக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

இளம் தாய், குழந்தையை வைத்திருந்த மாமியாரைத் தாண்டி ஜன்னலுக்கு முன்னால் போனாள். முதல் வார்த்தை தடுமாறியது. இரண்டாவது வார்த்தை தடுமாறவில்லை.

"என் ஃபைல்ல பொய் எழுதியிருக்கீங்க. அத எடுங்க. தலைமை நர்ஸையும் அந்தச் சின்ன டாக்டரையும் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."

மாமியார் குழந்தையை மார்போடு அணைத்தபடி மருமகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், வாசலில் கிடந்த ஒரே நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேரே போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன பொய் எழுதினீங்கன்னு நானும் கேக்கணும். அத நம்பித்தானே எம் மருமகள நான் அப்படிப் பேசினேன்?" என்றார் குமாஸ்தாவைப் பார்த்து.

குமாஸ்தா போனைக் கையில் எடுத்தார்.